நான் லண்டனுக்குப் போகவே இல்லை, தம்பி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர் 5,
14 அக்டோபர் 2009, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி வில்பிரடுக்கு,

ஜலதோஷம் ஒன்று நீங்கலாக மற்றெல்லா வகையிலும் கர்த்தர் சுகமாக வைத்திருக்கிற உன் அண்ணன் தியோடர், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சொந்தக் கையால், சொந்தப் பேனாவால் எழுதிக்கொள்வது. தங்கவயலில் நீயும் ஹெப்சியும் நலமாயிருக்க விரும்புகிறேன். ஹெப்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதினொரு வருஷத்துக்கு முன்னால் விசாரித்திருக்க வேண்டியது. இதற்குள் குணமாகியிருந்தால் நான் சந்தோஷப்பட்டதாகவும், குணமாகாமல் இருந்தால் வருத்தப்பட்டதாகவும் அவளிடம் சொல்லவும்.

தம்பி, நான் லண்டனுக்குப் போகவில்லை. எப்போதுமே போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. பாஸ்போர்ட் இல்லாத மனுஷன் லண்டன் ஓட்டலில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நிற்க முடியாது என்பதை அந்த மெயிலை வாசித்தபோதே நீ கொஞ்சம் யோசித்திருந்தால்... சரி, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் அண்ணி மௌரீன் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டு, "மூணாவது வரியிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்கிறாள். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், ஆகையால் அந்த வரியை நீ வாசிக்காததுபோல் விட்டுவிடு.

ஏழு தடவை உனக்கு போன் செய்தேன். என் குரல் கேட்டதும் ஏழு தடவையும் வைத்துவிட்டாய். மெயில் எழுதலாம் என்றால் என் பேரில் வரும் மெயிலை இனி நீ நம்ப மாட்டாய், நம்பாதே என்றுதான் நானும் சொல்வேன். அதனால்தான் தபால். என் கையெழுத்து உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கையெழுத்தை உன் மார்க் ஷீட்டில் போட்டுக்கொடுத்தவனே நான்தான். (இதுவும் ஒரு வகை மோசடிதான் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.)

அன்றைக்கு நடந்ததை முதலில் நான் பார்த்த விதமாகச் சொல்கிறேன். போன மாதம் இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. எனக்குக் காய்ச்சல் என்பதால் மௌரீன் மட்டும் ஆராதனைக்குப் போயிருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டு, மௌரீனிடம் கல்யாண கவுன் வாடகைக்கு எடுக்க யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, தலையில் மப்ளர், மேலே பனியன், கீழே லுங்கி, கையில் பாதி கடித்த மட்டன் பப்ஸ், இந்தக் கோலத்தில் கேட்டைத் திறந்தேன். (காய்ச்சல்காரனுக்கு மட்டன் பப்ஸ் ஏது என்று மௌரீன் இந்த நிமிஷம் கேட்கிறாள். அவளுக்கு இன்றுதான் தெரியும்.) ஆட்டோவிலிருந்து இறங்கியது நீ. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் டிபன் கேரியர். தலை மொத்தமும் வெளுத்துப்போய் அப்படியே நம் அப்பாவைப்போல இருந்தாய். நீதான் முதலில் கேட்டாய்.

"லண்டன்லேர்ந்து எப்போ வந்தே?"

"லண்டனா? எந்த லண்டன்?" என்றேன்.

பதினொரு வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. நீ என் மப்ளரைப் பார்த்தாய், பப்ஸைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய்.

"மறுபடியும் என்னை முட்டாளாக்கிட்டே இல்ல? பேண்ட்காரங்களை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே? வாசிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறிவிட்டாய். "டேய் வில்பி, டேய்!" என்று ஒரு கால் செருப்போடு தெருமுனைவரைக்கும் ஓடி வந்தேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினான். வீட்டுக்குத் திரும்பி வந்து, உனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, அரைமணி நேரம் உனக்காக முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். அந்த ஜெபத்தை ரத்து செய்யும்படி அப்புறம் இன்னொரு ஜெபம் செய்யவேண்டியிருந்தது.

இதே நேரத்தில் சபையில் நடந்தது வேறு. போதகர் விசேஷ ஜெபக் குறிப்புகளை வாசித்துக்கொண்டு வந்தவர், "அந்நிய தேசத்திலே, லண்டன் பட்டணத்திலே, உடைமைகளை எல்லாம் இழந்து தனியே தவிக்கிற நம்முடைய சகோதரர் தியோடருக்காக ஜெபிப்போமாக" என்றாராம். மௌரீன் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எந்தத் தியோடர் என்று யோசித்திருக்கிறாள். எங்கள் சபையில் வேறு தியோடர் கிடையாது. பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரும்மா, நேத்து மெயில் பார்த்ததிலேர்ந்து உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். காலை எட்டு மணிக்குக் கட்டிலில் போர்வையோடு விட்டுவந்த புருஷன் ஒன்றரை மணி நேரத்தில் லண்டன் போய்ச் சேர முடியாது என்று மௌரீனுக்குத் தெரியும். ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்து பார்த்ததில், என்னைப் பற்றி எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பாதி ஆராதனையில் எழுந்து வெளியே வந்து போன் செய்தாள்.

"எங்கே இருக்கீங்க?"

"ஹால்ல."

"எந்த ஊர் ஹால்ல?"

அன்று மத்தியானத்துக்குள் பாதி ரிச்சர்ட்ஸ் டவுன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒருவர் அந்த மெயிலை அச்செடுத்துக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். நான் ஒரு செமினாருக்காக லண்டன் போயிருப்பதாகவும், ஓட்டலில் பை திருடுபோனதாகவும், ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு உடனே அனுப்பவேண்டும் என்றும், விஷயத்தை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் என் பேரில், என் விலாசத்திலிருந்து எழுதியிருந்தது. நான் வாழ்க்கையில் போன ஒரே செமினார் 1987-ல் துமகூரில் நடந்த நிலவரிக் கணக்கு செமினார். தம்பி, பணம் கேட்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு பக்க மெயிலில் பதினோரு இலக்கணப் பிழை! முப்பத்துநாலு வருஷம் கர்நாடக அரசாங்கத்துக்கு இங்கிலீஷ் டிராஃப்ட் எழுதிக்கொடுத்த ரெவின்யூ சூப்பரிண்டெண்டெண்ட் பேரில் இருநூற்றுப் பதிமூன்று பேருக்கு அப்படி ஒரு இங்கிலீஷ் போயிருக்கிறது. அதைவிடக் கொடுமை, ஒருவர்கூட அந்த இங்கிலீஷைப் பார்த்து இது தியோடர் எழுதியதாக இருக்காது என்று சந்தேகப்படவில்லை.

உன் விலாசத்துக்கு எப்படிப் போனது என்று நீ கேட்பாய். உன் மெயில் விலாசம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. நம் பியூலா மஸ்கட்டிலிருந்து பேரப்பிள்ளை படம் அனுப்பும்போதெல்லாம் சித்தப்பாவுக்கும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். என் கம்ப்யூட்டர் உன் விலாசத்தைத் தானாகவே எடுத்து என் முகவரிப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் பேசாமல் இருந்த காலமெல்லாம் அது உன்னை மறக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் யார் என்றால் நான்தான். திருடன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. கதவைத் தட்டினான், நான் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செப்டம்பர் நடுவில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியது 'நிர்வாகக் குழு'. என் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதாகவும், இருபத்துநாலு மணி நேரத்தில் மூடப்படும் என்றும், மூடாமல் இருக்க இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும் என்றும் இருந்தது. படிவம்! எனக்கு ஓய்வு கொடுத்து அஞ்சு வருஷம் ஆகிறது, தம்பி. யாருமே என்னிடம் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வதில்லை. பேர், பிறந்த தேதி, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தேன். பாஸ்வேர்ட் என்ற கட்டம் சிறியதாக இருந்ததால் 'தனித்தாள் காண்க' என்று எழுதி, தனித்தாளும் வைத்தேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு முகப்புக் கடிதம். கிடைத்ததற்கு ஒப்புதல் அனுப்பும்படி கடைசியில் ஒரு வரி. ஒப்புதல் வந்தது. "மிக்க நன்றி" என்று இருந்தது. எவ்வளவு மரியாதையான டிபார்ட்மெண்ட் என்று மௌரீனிடம் சொல்லி மெச்சிக்கொண்டேன்.

இது மெயிலோடு போயிருந்தால் தேவலை. எங்கள் வெப்சைட்டைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்காது. மௌரீன் கல்யாண கவுன், தலையில் போடுகிற வலை முக்காடு, பிள்ளைகளுக்கு ஃப்ராக் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது நீ அறிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஒரு வெப்சைட் வைத்தோம். கவுனுக்கு ஒரு நம்பர், ஒரு படம், அளவு, வாடகை. தொம்மலூரில் ஒரு மளிகைக்கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிற சந்திரன் என்பவர் செய்துகொடுத்தது. ஐம்பது வயசுக்காரர், முன்பு டைப்ரைட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், நல்ல மனுஷன். அந்த வெப்சைட்டுக்கும் என் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்ட். பாங்கு லாக்கரில் ஒன்று, பீரோவில் ஒன்று என்று இரண்டு சாவி தேடுகிற அவஸ்தை எதற்கு என்று நான்தான் அப்படி வைத்தேன். ஆகவே திருடனுக்கு ஒரு படிவத்தில் இரண்டு வீடும் கிடைத்துவிட்டது.

இது திங்கட்கிழமை காலை தெரிந்தது. குக் டவுனிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். ஜனவரியில் மகளுக்குக் கல்யாணம், மிகவும் பக்தியான குடும்பம்.

"பிரதர், கவுன் நம்பர் பதினாலு எங்களுக்குப் பிடிச்சிருக்குது. ஆனா கீழே போட்டிருக்கீங்களே, அந்த மாத்திரை, அது கவுனோட சேர்ந்தே வருமா, தனியா வாங்கணுமா?"

"என்ன மாத்திரைம்மா?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு, "மாப்பிள்ளைக்கு" என்றாள். பிறகு, "வீரியத்துக்கு" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தால், மௌரீன் கையால் லேஸ் வைத்துத் தைத்த அறுபத்திரண்டு கவுன், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நீல மாத்திரை, பக்கத்தில் சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன் திருப்தியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பூச்செண்டு ஏந்துகிற சின்னப் பிள்ளைகளுக்கான ஃப்ராக் பக்கத்தையும் அவன் விடவில்லை. மௌரீன் பார்த்துவிட்டு உள்ளே போய், கம்ப்யூட்டர்மேல் போடுகிற கவரைக் கொண்டுவந்து, ஓடிக்கொண்டிருக்கிற மானிட்டர்மேல் போர்த்திவிட்டாள். அப்படியும் உலகத்துக்கு அது தெரிந்துகொண்டுதான் இருக்கும் என்று நான் சொன்னபோது உட்கார்ந்து அழுதுவிட்டாள். பதினேழு வருஷம் அவள் சேர்த்த பேர், தம்பி. அந்த வாரம் நாலு பேர் புக்கிங்கை வேண்டாம் என்றார்கள். அவள் அழுததை நான் கல்யாணமான நாளிலிருந்து மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை காரணம் நான்.

சந்திரன் உடனே பஸ் பிடித்து வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து, நாஷ்டாகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "ஸ்வல்ப இருங்க சார், மொதல்ல பாஸ்வேர்ட் சொல்லுங்க, நான் உள்ளே போறேன்" என்றார்.

"எங்க கல்யாணத் தேதி" என்று பெருமையாக மௌரீனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஜூன் எட்டு, எழுபத்துநாலு."

மௌரீன் அழுகையை நிறுத்தினாள். "ஜூன் ஒம்போது" என்றாள்.

சந்திரன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், ஒரு வகையில பார்த்தா அதுவும் செக்யூரிட்டிதான். கரெக்ட் தேதி போட்டிருந்தா யார் வேணாலும் கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றார். அந்த மனுஷனுக்குக் கர்த்தர் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

அந்தத் தேதியும் பிரயோஜனப்படவில்லை. திருடன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தான். என் வீட்டுக்கு நானே வெளியாள். நான் அனுப்பிய படிவத்தின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். சந்திரன் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், திருடனுக்கு நகல் வெச்சு, ஒப்புதல் கேட்டு எழுதின ஒரே ஆள் இந்தியாவிலேயே நீங்கதான். எவன் பாஸ்வேர்ட் கேட்டாலும் அவன் திருடன். நிர்வாகம்னாலும் திருடன், பாங்குன்னாலும் திருடன். உண்மையான ஆளுக்கு உங்க பாஸ்வேர்ட் தேவையே இல்ல சார், கேக்கவே மாட்டான். பேரைப் பார்க்காதீங்க, பேரை யாரு வேணா எழுதிக்கலாம். பேருக்குப் பின்னால விலாசம் இருக்குது பாருங்க, அதைப் பாருங்க. அவசரம், இருபத்துநாலு மணி நேரம்னு பேஜார் பண்றான்னா அங்கேயே நின்னுடுங்க. சந்தேகம் வந்தா பதில் போடாதீங்க, தெரிஞ்ச நம்பருக்கு போன் பண்ணிக் கேளுங்க."

எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அந்த விலாசத்தையும் திருடன் பிடித்துக்கொண்டால்?" அதற்கு அவர், "உங்க விஷயத்துல அதான் சார் ஆயிருக்குது" என்றார்.

மெயிலைத் திரும்பப் பிடிக்க ஒரே வழி இருந்தது. 2001-ல் பியூலா மஸ்கட் போனபோது அந்தக் கணக்கைத் தொடங்கினேன். அப்போது ஒரு ரகசியக் கேள்விக்குப் பதில் கொடுத்திருக்கிறேனாம். அதைச் சரியாகச் சொன்னால் கதவு திறக்கும், மூன்று தடவை தப்பாகச் சொன்னால் ஒரேயடியாக மூடிவிடும். கேள்வி திரையில் வந்தது. 'சிறு வயதில் உங்கள் உற்ற நண்பர் யார்?' எனக்கு ஒன்றும் நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த சந்தானம் பேரைப் போட்டேன். தவறு என்றது. எதிர்வீட்டில் பட்டம் விட்ட தனக்கோடி பேரைப் போட்டேன். தவறு. ஒரே வாய்ப்புதான் பாக்கி. எட்டு வருஷத்துக் கடிதங்கள், பேரப்பிள்ளையின் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

மௌரீன் சமையலறை வாசலில் நின்றபடியே, "வில்பிரட்னு போடுங்க" என்றாள்.

"அவன் தம்பி. இவன் நண்பனைக் கேக்கறான்" என்றேன்.

"போடுங்க."

போட்டேன். திறந்துகொண்டது.

சந்திரன், "யாரு சார் வில்பிரட்? அவரையும் ஒரு வார்த்தை உஷார் பண்ணிடுங்க" என்றார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டேன். 2001 என்றால் நாம் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு உன் பேரைச் சொல்லவே கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டவன் நான். அதே கையால் எப்படி இந்தப் பதிலை எழுதினேனோ தெரியவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பேன்.

அதற்குப் பிறகு சந்திரன் மூன்று நாள் வந்து போனார். வெப்சைட்டை மொத்தமாகக் கழுவி, தன்னிடமிருந்த பழைய நகலிலிருந்து கவுன்களையெல்லாம் திரும்ப ஏற்றினார். வெள்ளைக்காரன் போய்விட்டான். வெப்சைட்டை நடத்துகிற புரோகிராமை மூன்று வருஷமாகப் புதுப்பிக்காமல் விட்டதால் ஜன்னல் வழியாகவும் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார். "புதுப்பிக்கவும், புதுப்பிக்கவும்னு உங்களுக்கு மாசாமாசம் மெயில் வந்திருக்குமே சார்?" என்று கேட்டார். வந்தது. அதெல்லாம் மோசடி என்று நினைத்து நான் திறக்கவே இல்லை. எதைத் திறக்கவேண்டுமோ அதை அழித்து, எதை அழிக்கவேண்டுமோ அதற்கு முகப்புக் கடிதம் வைத்திருக்கிறேன்.

புதுப் பாஸ்வேர்டை நான் வைக்கக் கூடாது என்று மௌரீன் சொல்லிவிட்டாள். அவளே பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம் எல்லாம் போட்டு மெயிலுக்கு ஒன்று, வெப்சைட்டுக்கு ஒன்று வைத்தாள். என்ன என்று கேட்டேன். "யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, கேக்கறவன் திருடன்னு சந்திரன் சொன்னாரே" என்கிறாள். இப்போது நான் மெயில் பார்க்கவேண்டுமானால் அவள் சமையலை முடித்துக் கை கழுவிக்கொண்டு வரவேண்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நானும் பாடத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் பாங்கிலிருந்து ஒரு பெண் போன் செய்து என் பிறந்த தேதியைக் கேட்டாள். "முதலில் உன் பிறந்த தேதியைச் சொல்லும்மா" என்றேன். அவள் மேனேஜரிடம் கொடுத்தாள். அவரிடம் அவர் மனைவி பேரைக் கேட்டேன். போதகர் நலம் விசாரிக்க வந்தபோது, ஜன்னல் வழியாகப் போன ஞாயிறு பிரசங்க வசனம் எது என்று கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர் தப்பாகச் சொன்னார். பத்து நிமிஷம் வெயிலில் நின்றார். மௌரீன் வந்து திறந்துவிட்டாள்.

இனி, எழுதவேண்டும் என்று உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். பியூலா கல்யாண ரிசெப்ஷனில், கேக் வெட்டியபிறகு நீ மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்ல எழுந்தாய். பேச ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. பியூலாவின் ஞானஸ்நானம்வரைக்கும்தான் வந்திருந்தாய். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று பேண்ட் முழங்கியது, நீ நடுவாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நின்றாய், எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். பேண்ட் மாஸ்டர் தவறாகப் புரிந்துகொண்டு தானாக ஆரம்பித்துவிட்டார் என்று அன்று உன்னிடம் சொன்னேன். மௌரீனிடமும் அதையேதான் சொன்னேன். பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி, அவர் தானாக ஆரம்பிக்கவில்லை. நான்தான் தூணுக்குப் பின்னாலிருந்து கை காட்டினேன். நீ என்னைப் பார்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

(மௌரீன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். காப்பி போடப் போயிருக்கிறாள், எனக்கா அவளுக்கு மட்டுமா என்று தெரியவில்லை.)

அந்தப் பேச்சை நீ முடிக்க விட்டிருக்க வேண்டும். பிரியாணி ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம். இருநூற்றுப் பதிமூன்று பேருக்கு அந்த மெயில் போனது. அனுதாபப்பட்டார்கள், ஜெபித்தார்கள், போன் செய்தார்கள். மாரிக்குப்பம் ட்ரெயினில் விடியற்காலையே ஏறி, மௌரீன் தனியாக இருப்பாளே என்று சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தது நீ ஒருத்தன்தான். அந்தக் கேரியரில் என்ன இருந்தது என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அதைச் சாப்பிடாமல் திருப்பி அனுப்பிய பாவத்துக்காகவும் என்னை மன்னித்துவிடு.

ஹெப்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். உன் வீட்டு நிலைவாசலிலும் போக்குவரத்திலும் கர்த்தருடைய கரம் இருப்பதாக. உங்கள் கம்ப்யூட்டர்மேலும் அப்படியே இருப்பதாக. உன் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, எனக்கும்.

இப்படிக்கு,
தூணுக்குப் பின்னால் நின்ற உன் அண்ணன்,
தியோடர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் மௌரீன் மெயிலைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போனாள். உன் விலாசத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. "அண்ணா, இங்கே பிரவுசிங் சென்டர்ல சொன்னாங்க, லண்டன்ல மாட்டிக்கிட்டேன்னு எழுதறது ஒரு மோசடியாம், நிறைய பேருக்கு நடந்திருக்குதாம். அவசரப்பட்டுத் திரும்பி வந்துட்டேன். தப்பு என்மேலதான். வர்ற ஞாயிறு நானும் ஹெப்சியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றோம்" என்று இருந்தது. சந்திரன் சொல்லிக்கொடுத்தபடி நிதானமாகப் பரிசோதித்தேன். விலாசம் உன்னுடையதுதான், ஆனால் விலாசம் திருடுபோகும் என்று எனக்குத் தெரியும். நாள் குறித்து அவசரப்படுத்துகிறான். திருடனே மோசடியைப் பற்றி எச்சரித்து நம்பவைக்கப் பார்க்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, 'தப்பு என்மேலதான்' என்று எழுதியிருக்கிறான். அறுபது வருஷத்தில் என் தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. போலி என்று முடிவுசெய்து, பதில் போடாமல் அழித்துவிட்டேன். திரும்பி வந்த மௌரீன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கறிவேப்பிலைக் கட்டோடு நின்று என்னைப் பார்க்கிற பார்வை சரியாக இல்லை. தெரிந்த நம்பருக்கு போன் செய்து கேட்கலாம் என்றால், நீ எட்டாவது தடவையும் வைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஆகையால் இதையும் சேர்த்தே தபாலில் போடுகிறேன். அதை நீ எழுதியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக இலை போட்டு வைத்திருப்போம். வேறு எவனாவது எழுதியிருந்தாலும் பரவாயில்லை, அவன் சொன்னபடியே நீ வந்துவிடு.